காலி செய்ய வேண்டியவர் துன்பப்படுபவரா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வாடகை வீட்டில் குடியிருப்பவர்கள் அக்கம்பக்கத்தாரின் தொல்லையைப் பற்றி வாய் திறந்தால், “ஒத்துவரவில்லை என்றால் வேறு வீடு பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதானே” என்ற ஒரே பதிலில் பேச்சு முடிந்துவிடுகிறது. உறவினர்களும் வீட்டுத் தரகர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். நியாயம் கேட்டுப் போகும் இடங்களிலும் பல நேரம் இதையேதான் கேட்க நேரிடுகிறது. சொந்த வீட்டுக்காரர் ஒருவர் இப்படி முறையிட்டால் அதை வழக்காகப் பார்க்கும் அதே மனிதர்கள், வாடகைக்குக் குடியிருப்பவர் முறையிட்டால் அதைப் பொருத்தமில்லாத இடத்தில் வந்து தங்கிவிட்டவரின் புலம்பலாகப் பார்ப்பது எனக்கு நெடுநாளாக வருத்தம் தரும் ஒன்று. தங்கள் நாளிதழைப் பல நாடுகளில் வாழும் தமிழர்கள் படிக்கிறார்கள் என்பதாலும், இந்தத் தொல்லை எல்லா ஊர்களுக்கும் பொதுவானது என்பதாலும், எந்த ஊரையும் குறிப்பிடாமல் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு நேர் மேல்மாடியில் புதிதாகச் சிலர் குடிவந்தார்கள். முதல் மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை நள்ளிரவைத் தாண்டியும் பாட்டும் கூச்சலும் கேட்கத் தொடங்கின. மேசை நாற்காலிகளை இழுக்கும் ஓசை எங்கள் படுக்கையறையின் கூரையில் உருண்டது. மாடிப்படிகளில் குப்பைப் பைகளும் காலிப் புட்டிகளும் நாள் கணக்கில் கிடந்தன. ஒருநாள் படியை அடைத்து நின்றுகொண்டிருந்தவர்களிடம் வழி கேட்ட என் தாயாரை அவர்கள் பேசிய பேச்சை இங்கே எழுத இயலாது. அன்றிலிருந்து அவர் தனியே படியிறங்குவதை நிறுத்திவிட்டார். ஒரு முதியவர் தாம் குடியிருக்கும் வீட்டின் வாசற்படியைக் கண்டு அஞ்சும் நிலையை வெறும் “சத்தப் பிரச்சினை” என்று சொல்லிவிட முடியாது.

நான் செய்த தவறுகளையும் சொல்லியாக வேண்டும். முதல் இரண்டு மாதங்கள் யாரிடமும் எதுவும் சொல்லாமல் பொறுத்துக்கொண்டேன்; அந்தப் பொறுமை பெருந்தன்மையால் வந்ததன்று, தயக்கத்தால் வந்தது. அதன் பிறகு ஒருநாள் இரவு ஒரு மணிக்கு, தூக்கம் கெட்ட கோபத்தோடு மாடியேறிச் சென்று கதவைத் தட்டினேன். அந்த நேரத்தில் அந்த மனநிலையில் இரு தரப்பும் பேசிய எதுவும் பேச்சாக இல்லை. அடுத்த வாரம் ஒரு நீண்ட கழியால் கூரையைப் பலமுறை இடித்தேன். மறுநாள் காலையில் வீட்டு உரிமையாளருக்கு முதல் முறையீடு மேல்மாடியிலிருந்து போயிற்று: கீழ்வீட்டுக்காரர் இரவில் கூரையை இடித்துத் தொல்லை கொடுக்கிறார் என்று. அதற்குப் பிறகு நான் சொன்னவை யாவும் பழிக்குப் பழியாகச் சொல்லப்பட்டவையாகவே அவர் காதில் விழுந்தன.

இதைச் சட்டமும் அவ்வாறே பார்க்கிறது என்பதைப் பின்னர் தெரிந்துகொண்டேன். 1890களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் தீர்ப்பளிக்கப்பட்ட கிறிஸ்டி எதிர் டேவி என்ற வழக்கில், பக்கத்து வீட்டில் இசை கற்பித்ததால் எரிச்சலுற்ற ஒருவர், பொதுச் சுவரில் இடித்தும், தட்டுகளை அடித்தும், சீழ்க்கையடித்தும், கூச்சலிட்டும் பதிலுக்குத் தொல்லை கொடுத்தார். நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது இசை கற்பித்தவர்களுக்கு எதிராக அன்று. வேண்டுமென்றே சத்தம் எழுப்பிய அவருக்கு எதிராகத்தான். பதிலடி கொடுக்கும் நொடியிலேயே துன்பப்பட்டவர் தம் வழக்கின் பாதியை இழந்துவிடுகிறார். இதை யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கலாகாதா என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

இரண்டு வீடுகளுக்கும் உரிமையாளர் ஒருவரே. நான் மூன்று முறை நேரிலும் பல முறை தொலைபேசியிலும் முறையிட்டேன். “அது உங்களுக்குள் உள்ள விஷயம், நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்” என்பதுதான் முதலில் வந்த பதில். கடைசியில், “அவர்கள் வாடகையை ஒழுங்காகக் கொடுக்கிறார்கள், உங்களுக்கு முடியவில்லை என்றால் காலி செய்துகொள்ளுங்கள்” என்றார். காலி செய்தோம். முன்பணத்தில் பிடித்தம், தரகுப் பணம், சாமான்களை ஏற்றி இறக்கும் செலவு, பிள்ளைக்குப் பள்ளி மாற்றம், தாயாருக்குப் பத்தாண்டுப் பழக்கத்தின் இழப்பு என எல்லாம் எங்கள் கணக்கில் எழுதப்பட்டன. தொல்லை கொடுத்தவர்களுக்கு ஒரு நாள் தூக்கம்கூடக் கெடவில்லை. நாங்கள் விட்டுவந்த வீட்டுக்கு அடுத்து வந்தவர்களும் ஓராண்டு நிறைவதற்குள் காலி செய்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

எனவே நான் வலியுறுத்த விரும்புவது இதுதான்: வாடகைக் குடியிருப்பில் ஒரு குடித்தனக்காரர் இன்னொரு குடித்தனக்காரருக்குத் தொல்லை கொடுக்கும்போது, உரிமையாளர் வேடிக்கை பார்க்கும் மூன்றாமவர் அல்லர். இருவரையும் தேர்ந்தெடுத்துக் குடிவைத்தவர் அவர். இருவரோடும் ஒப்பந்தம் செய்துகொண்டவர் அவர். இருவரிடமும் வாடகை வாங்குபவர் அவர். எனக்கும் மேல்மாடிக்காரருக்கும் இடையே எந்த ஒப்பந்தமும் இல்லை. அவரைக் கட்டுப்படுத்தும் எழுத்து ஒன்று இருக்குமானால் அது உரிமையாளரின் கையில்தான் இருக்கிறது. அதைப் பயன்படுத்த மறுப்பவர், நடுநிலை என்ற பெயரில் தொல்லை கொடுப்பவரின் பக்கம் நிற்கிறார்.

பல நாடுகளின் சட்டங்கள் இதை ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கின்றன. இங்கிலாந்தின் 1988ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம், அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு கொடுப்பதை, வீட்டை மீட்டுத் தரும்படி உரிமையாளர் நீதிமன்றத்தைக் கேட்கக்கூடிய காரணங்களுள் ஒன்றாக வைத்திருக்கிறது. ஜெர்மனியின் உரிமையியல் சட்டத்தில் “வீட்டமைதி” என்ற பொருள்படும் சொல்லே இடம்பெற்றிருக்கிறது. அதைத் தொடர்ந்து குலைப்பவரின் ஒப்பந்தத்தை உடனடியாக முறிக்க உரிமையாளருக்கு அது வழி தருகிறது. தொல்லையால் வீட்டின் பயன் குறைந்துபோன குடித்தனக்காரருக்கு வாடகைக் குறைப்பும் தருகிறது. இந்தியாவின் நடுவண் அரசு 2021ஆம் ஆண்டு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம், பொதுத் தொல்லை விளைவிக்கும் வகையில் வீட்டைப் பயன்படுத்துவதை “தவறான பயன்பாடு” என்று வரையறுத்து, அறிவிப்புக்குப் பின்னும் அது தொடருமானால் வெளியேற்றக் கோருவதற்கான காரணமாக்கியிருக்கிறது. சிங்கப்பூரில் அண்டை வீட்டார் தகராறுகளுக்கென்றே 2015ஆம் ஆண்டு தனி நடுவர் மன்றங்கள் ஏற்பட்டன; இழப்பீடு வழங்கச் சொல்வதோடு, மன்னிப்புக் கேட்கும்படி ஆணையிடவும் அவற்றுக்கு அதிகாரம் உண்டு. ஆகையால் “எனக்கு அதிகாரம் இல்லை” என்று உரிமையாளர் கைவிரிப்பது பெரும்பாலான இடங்களில் உண்மைக்குப் புறம்பானது.

“சத்தம்தானே, காதைப் பொத்திக்கொண்டு தூங்குங்கள்” என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 1999ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல், படுக்கையறைக்குள் இரவு முழுவதற்குமான சராசரி ஒலி 30 டெசிபலையும், தனித்தனியாக எழும் ஓசை 45 டெசிபலையும் தாண்டாமல் இருப்பது தூக்கத்துக்கு நல்லது என்கிறது. 30 டெசிபல் என்பது ஏறத்தாழ மெல்லக் கிசுகிசுக்கும் அளவு. டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் கணக்கன்று. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது, காதுக்கு அது ஏறக்குறைய இரு மடங்காகக் கேட்கிறது. இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதிகளுக்கு 45 டெசிபல் என்ற வரம்பை வைத்திருப்பதும் இந்த அக்கறையால்தான்.

ஆனால் அளவைக் காட்டிலும் என்னை வாட்டியது வேறொன்று. டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1970களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வுகளில், இரு குழுவினருக்கு ஒரே பேரோசையைக் கேட்கவைத்தார்கள். ஒரு குழுவினரிடம் மட்டும், வேண்டுமானால் அழுத்தி ஓசையை நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒரு பொத்தானைக் காட்டினார்கள். பொத்தானை அழுத்தாமல் இருந்தபோதும் அந்தக் குழுவினர் பின்னர் தரப்பட்ட வேலைகளை மேலாகச் செய்தார்கள். ஓசையைவிட, அதன்மேல் தமக்குப் பிடிமானம் ஏதும் இல்லை என்ற உணர்வே மனிதரைச் சோர்வடையச் செய்கிறது. இன்று இரவு வருமா வராதா, பத்து மணிக்கா இரண்டு மணிக்கா என்று தெரியாமல் காத்துக் கிடப்பதும், முறையிட்டால் செவிசாய்க்க ஒருவரும் இல்லை என்பதும்தான் எங்கள் வீட்டில் அமைதியான இரவுகளையும் தூக்கமற்ற இரவுகளாக்கின. வீடு மாறிய பிறகும் பல வாரங்கள் என் தாயார் மேலே ஒரு நாற்காலி நகர்ந்தால் திடுக்கிட்டு எழுந்தார்.

அதே வேளையில், எல்லாவற்றையும் தொல்லை என்று சொல்லிவிடவும் கூடாது. குழந்தை அழுவதும், நடக்கும் ஓசையும், காலையில் குழாய் திறப்பதும், காது மந்தமான முதியவர் தொலைக்காட்சியைச் சற்று உரக்க வைப்பதும் வாழ்க்கையின் ஓசைகள். 1999ஆம் ஆண்டு, அப்போது பிரிட்டனின் மிக உயர்ந்த நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த ஒரு வழக்கில், லண்டன் நகராட்சிக் குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள், பக்கத்து வீட்டின் அன்றாட ஓசை யாவும் தங்கள் வீட்டுக்குள் கேட்பதாக முறையிட்டார்கள். அவர்கள் படும் துன்பம் உண்மைதான் என்று ஒப்புக்கொண்ட நீதிபதிகள், ஒருவர் தம் வீட்டில் இயல்பாக வாழ்வதைக் குற்றமாக்க முடியாது என்று கூறிவிட்டார்கள். குறை கட்டடத்தில் இருந்தது, மனிதர்களிடம் இல்லை. முறையிடும் முன் நாமும் நம்மை இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இது அவர்கள் தவிர்க்கக்கூடிய ஒன்றா, தவிர்க்க முடியாததா? மேலும், தொல்லை என்ற சொல்லின் பின்னே பிடிக்காத இனம், பிடிக்காத மதம், தனியே வாழும் பெண் என்ற வெறுப்புகள் ஒளிந்துகொள்வதையும் நான் பார்த்திருக்கிறேன். அத்தகைய முறையீடுகளுக்கு எந்த உரிமையாளரும் இடம் தரக் கூடாது. உண்மையிலேயே துன்பப்படுபவர்களின் சொல்லை மதிப்பிழக்கச் செய்வதும் அவைதாம்.

சுவருக்கு அப்பால் ஒருவர் அடிக்கப்படும் ஓசையோ, குழந்தை அச்சத்தில் அலறும் ஓசையோ திரும்பத் திரும்பக் கேட்டால் அது நம் தூக்கத்தைப் பற்றிய செய்தியன்று. அதற்கு உரிமையாளரிடம் முறையிட்டுக் காத்திருக்க வேண்டாம். காவல்துறையையோ அதற்கென உள்ள உதவி எண்ணையோ உடனே அழைக்க வேண்டும். “அடுத்த வீட்டு விவகாரம்” என்று ஒதுங்குவதும் ஒரு வகையில் அத்தீமைக்குத் துணைபோவதுதான்.

தவிர்க்கக்கூடிய தொல்லை என்று தெளிவானால், முதற்பேச்சைப் பகலில், கோபம் தணிந்த ஒரு நாளில், தனியாகச் சென்று பேசுவதே நன்று. அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம் என்ற எண்ணத்தோடு தொடங்க வேண்டும்; பல நேரம் அது உண்மையாகவும் இருக்கிறது. பாட்டின் தடித்த அடியோசை சுவர்களையும் தளங்களையும் எளிதில் ஊடுருவும் தன்மை உடையது. மெல்லிய குரல்களையும் கருவிகளின் கூர்மையான ஒலிகளையும் தடுக்கும் அதே சுவர், தாழ்ந்த அதிர்வைத் தடுக்கத் திணறுகிறது. ஒலிபெருக்கியைத் தரையில் வைத்துவிட்டால் கட்டடத்தின் உடலே அதைச் சுமந்து செல்லும். அதனால்தான் மேல்வீட்டுக்காரர், “நான் குறைவாகத்தானே வைத்திருக்கிறேன்” என்று மனமறிந்து உண்மையாகவே சொல்கிறார். கீழே படுத்திருப்பவருக்கோ பாட்டு கேட்பதில்லை, நெஞ்சில் இடிப்பது மட்டுமே கேட்கிறது. இப்போது குடியிருக்கும் வீட்டில் இத்தகைய ஒரு சூழல் வந்தபோது, மேல்வீட்டு அம்மையாரை எங்கள் படுக்கையறைக்கு அழைத்து, அவர் மகனை வழக்கம்போலப் பாட்டைப் போடச் சொல்லி, ஐந்து நிமிடம் கேட்கும்படி வேண்டினேன். அவர் முகம் மாறியதை இன்றும் மறக்கவில்லை. அன்று மாலையே ஒலிபெருக்கி தரையிலிருந்து தடித்த விரிப்பின் மேல் ஏறியது. இரவு பத்து மணிக்குப் பின் காதில் மாட்டிக் கேட்கும் கருவி என்று முடிவாயிற்று. ஆண்டுக்கணக்கான பகையாக வளர்ந்திருக்கக்கூடியது ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது.

எல்லோரும் அந்த அம்மையாரைப் போன்றவர்களாக இருப்பதில்லை. பேச்சு பலிக்காதபோது நம் கையில் இருக்கவேண்டியது ஒரு குறிப்பேடு. தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், என்ன நடந்தது, எந்த அறையில் கேட்டது, அதனால் என்ன கெட்டது, அப்போது வேறு யார் இருந்தார்கள், யாரிடம் சொன்னோம், அவர் என்ன பதில் சொன்னார் என்பவற்றை அன்றன்றே எழுதிவைக்க வேண்டும். “எப்போதும் சத்தம்” என்ற முறையீட்டுக்கு எந்த அலுவலரும் அசையமாட்டார். “இந்த மாதம் 11 இரவுகள், அவற்றுள் 7 இரவுகளில் ஒரு மணிக்குப் பின்” என்று எழுதிக் காட்டினால் மறுக்க வழியில்லாமல் போகும். மணிக்கு மணி கணக்கு வைக்க முடியவில்லையே என்று அஞ்சவும் வேண்டாம். ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் 2012ஆம் ஆண்டு ஒரு வாடகை வழக்கில், என்ன வகைத் தொல்லை, எந்த நேரங்களில், எவ்வளவு நேரம், எத்தனை முறை என்று விவரித்தால் போதும், நாள்தோறும் எழுதிய பதிவேடு கட்டாயமன்று என்று கூறியிருக்கிறது. இருந்தாலும் எழுதிவைத்தவருக்குத்தான் அந்த விவரம் நினைவில் நிற்கும். முதல் வீட்டில் நான் ஒரு வரியும் எழுதவில்லை, உரிமையாளர் “எத்தனை நாள் நடந்தது?” என்று கேட்டபோது என்னால் “நிறைய” என்றுதான் சொல்ல முடிந்தது.

கைப்பேசியில் ஒலியளக்கும் செயலிகள் இருக்கின்றன. அவை துல்லியமாகச் சரிபார்க்கப்பட்ட கருவிகள் அல்ல என்பதால் சான்றாக நிற்பது கடினம், ஒப்பிட்டுக் காட்ட மட்டும் உதவும். நம் வீட்டுக்குள் கேட்கும் ஓசையைப் பதிவு செய்வது ஒன்று. அடுத்தவர் வீட்டின் உள்ளே கேமராவைத் திருப்புவதும் அவர்களின் பேச்சை மறைந்திருந்து பதிவு செய்வதும் வேறொன்று, அது நம்மையே குற்றவாளியாக்கக்கூடும். குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் பெயரைப் போட்டு வசைபாடுவதையும் தவிர்க்க வேண்டும். அங்கே எழுதியது அழியாது. பிறகு நம்மேலேயே அவதூறு வழக்காகத் திரும்பிவரும்.

உரிமையாளரிடம் முறையிடும்போது எழுத்தில் முறையிட வேண்டும். வாய்ச்சொல் காற்றோடு போகும். கடிதமோ மின்னஞ்சலோ சென்றால், அறிந்தும் சும்மா இருந்தார் என்பது பதிவாகிவிடும். அக்கடிதத்தில் வசையோ ஊகமோ இல்லாமல், குறிப்பேட்டின் சுருக்கமும், ஒப்பந்தத்தில் மீறப்படும் பிரிவும், உரிமையாளர் செய்யவேண்டியதாக நாம் கேட்பது என்ன என்பதும், எத்தனை நாளுக்குள் பதில் எதிர்பார்க்கிறோம் என்பதும் இருந்தால் போதும். அதே தொல்லையை அனுபவிக்கும் மற்றக் குடித்தனக்காரர்களும் தனித்தனியே எழுதுவது பெரிதும் உதவும். ஒருவர் எழுதினால் அது தகராறு, நால்வர் எழுதினால் அது கட்டடத்தின் பிரச்சினை. இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். கோபத்தில் வாடகையை நிறுத்திவிடாதீர்கள். சில நாடுகளில் வாடகைக் குறைப்புக்குச் சட்டம் இடம் தந்தாலும், பெரும்பாலான இடங்களில் வாடகை பாக்கி என்பது நம்மை வெளியேற்றுவதற்கு உரிமையாளருக்கு நாமே எழுதிக் கொடுக்கும் காரணமாகிவிடும். வழக்கறிஞரையோ இலவசச் சட்ட உதவி மையத்தையோ கேட்காமல் அதில் இறங்கக் கூடாது.

மிரட்டல், கைநீட்டல், கதவை உடைத்தல், பெண்களையும் பிள்ளைகளையும் பின்தொடர்தல் ஆகியவை நிகழ்ந்தால் சமரசப் பேச்சுக்கு அங்கே இடமில்லை. அவை தொல்லை என்ற எல்லையைக் கடந்து குற்றமாகிவிட்டவை. காவல்துறையிடம் எழுத்தில் புகார் கொடுத்து, அதற்கான பதிவு எண்ணைக் கேட்டுப் பெற வேண்டும். பெரும் குற்றங்கள் பல காத்திருக்கும்போது பக்கத்து வீட்டுச் சண்டைக்கு நேரமில்லை என்ற பதில் வரலாம். அப்போதும் மனம் தளராமல், ஒவ்வொரு நிகழ்வுக்கும் தனிப் புகார் கொடுப்பதுதான் வழி. சிறு நிகழ்வுகளைத் தனித்தனியே பார்த்து ஒதுக்கிவிடும் பழக்கம் எங்கும் உண்டு என்பதை உணர்ந்துதான், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2014ஆம் ஆண்டுச் சட்டம், ஆறு மாதத்துக்குள் மூன்று முறை முறையிட்டும் பயன் காணாதவர், காவல்துறை, உள்ளாட்சி, வீட்டுவசதி அமைப்பு ஆகிய அனைத்தையும் ஒன்றாக அமர்த்தி, தம் வழக்கு கையாளப்பட்ட விதத்தை மறு ஆய்வு செய்யும்படி கேட்கும் உரிமையை அளித்தது. யாரிடம் போனாலும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டும் நிலைக்கு இது நல்ல மருந்து. மற்ற நாடுகளும் இதைப் பின்பற்றலாம்.

உரிமையாளர்களின் பக்கத்தையும் நான் அறியாதவன் அல்லன். யார் சொல்வது உண்மை என்று அவர்களுக்குத் தெரியாது. கண்டித்தால் தொல்லை கொடுப்பவர் வீட்டைச் சேதப்படுத்துவாரோ, வாடகையை நிறுத்திவிடுவாரோ என்ற அச்சமும் இருக்கிறது. நீதிமன்றம் ஏறினால் ஆண்டுகள் போகும். ஆனால் வெளியேற்றுவதற்கும் சும்மா இருப்பதற்கும் இடையே எத்தனையோ படிகள் உள்ளன. இப்போதைய வீட்டின் உரிமையாளர், எங்கள் கட்டடத்தில் இரவில் படிக்கட்டில் கூடிக் குடித்துக் கூச்சலிடுவதாக ஒரு வீட்டாரைப் பற்றிப் புகார் எழுந்தபோது, முதலில் ஒரு சனிக்கிழமை இரவு தாமே வந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் பன்னிரண்டரை வரை உட்கார்ந்து கேட்டார். மறுநாள் அவர்களிடம் பேசி, பேசியதை ஒரு பக்கக் கடிதமாக எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். மூன்று வாரம் கழித்து மீண்டும் நிகழ்ந்தபோது, இனியும் தொடர்ந்தால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படமாட்டாது என்று எழுத்தில் தெரிவித்தார். அதற்குப் பிறகு ஒருமுறைகூட அது நிகழவில்லை. அந்தக் குடும்பம் இன்றும் எங்களோடு அதே கட்டடத்தில்தான் வாழ்கிறது, படியில் எதிர்ப்பட்டால் நலம் விசாரித்துக்கொள்கிறோம். ஒருவரும் காலி செய்யவில்லை. அந்த உரிமையாளர் செலவிட்டது ஒரு சனிக்கிழமை இரவும் இரண்டு தாளும்தான்.

இது அவருடைய நற்குணத்தால் நிகழ்ந்தது. நற்குணமுள்ள உரிமையாளர் வாய்க்கும்வரை வீடு மாறிக்கொண்டே இருக்கச் சொல்ல முடியாது என்பதால், தங்கள் நாளிதழ் வாயிலாக மூன்று தரப்பினரிடம் வேண்டுகோள் வைக்கிறேன். வாடகை ஒப்பந்தம் எழுதித் தருவோர், அமைதி நேரம், பொதுவழியின் பயன்பாடு, அண்டை வீட்டாரிடம் நடந்துகொள்ளும் முறை ஆகியவற்றை ஒரு பிரிவாகத் தெளிவாக எழுதிச் சேர்க்க வேண்டும். அதே பிரிவில், எழுத்தில் வரும் முறையீட்டுக்குக் குறிப்பிட்ட நாளுக்குள் எழுத்தில் பதில் தருவது உரிமையாளரின் கடமை என்றும், அவர் தவறினால் துன்பப்படுபவர் அறிவிப்புக் காலம் இல்லாமலும் முன்பணத்தில் பிடித்தம் இல்லாமலும் வெளியேறலாம் என்றும் இருக்க வேண்டும். உள்ளாட்சி அமைப்புகள், நீதிமன்றத்துக்குப் போகும் முன் இரு தரப்பையும் உரிமையாளரையும் சேர்த்து உட்காரவைக்கும் சமரச மையங்களை வாடகைக் குடியிருப்போர் எளிதில் அணுகும் இடத்தில் வைக்க வேண்டும். வாடகைக்கு வீடு பார்க்கச் செல்லும் வாசகர்களோ, பகலில் மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்திட வேண்டாம். ஒருமுறை இரவு பத்து மணிக்கு மேல் அந்தப் படிக்கட்டில் நின்று பாருங்கள், முன்பு குடியிருந்தவர் ஏன் போனார் என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். எங்களுக்கு அடுத்து அந்த வீட்டுக்கு வந்தவர்கள் அப்படி ஒரு வார்த்தை கேட்டிருந்தால், கீழ்த்தளத்தில் குடியிருந்த முதியவரே எல்லாவற்றையும் சொல்லியிருப்பார்.

இங்ஙனம்,
வாடகை வீட்டில் வாழும் தங்கள் வாசகர் ஒருவர்